பக்கவாதத்துக்குப் பின் கைப் பயிற்சியில் வி.ஆர். ஹெட்செட்: தொடக்கம் முதல் நிறுத்தும் நாள் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பக்கவாதத்தால் ஒரு பக்கக் கை பலவீனப்பட்டவர்களுக்கு கண்ணை மூடித் தலையில் மாட்டும் மெய்நிகர் காட்சி (வி.ஆர்.) ஹெட்செட்டைக் கொண்டு பயிற்சி கொடுக்க விரும்பும் இயன்முறை மருத்துவர்கள், ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள், அவர்களிடம் பயிலும் மாணவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நோயாளியின் வீட்டாரும் படிக்கலாம். பயிற்சி அறையில் என்ன கேட்க வேண்டும் என்பது தெரியவரும். ஆனால் மருத்துவக் குழுவின் கண்காணிப்பின்றி வீட்டில் தாமாகத் தொடங்க இது போதாது.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். பெட்டியைப் பிரித்ததும் ஹெட்செட்டை நோயாளியின் தலையில் மாட்டிவிடுகிறார்கள். இங்கே ஹெட்செட் தலைக்கு ஏறுவது ஆறாவது படியில். முந்தைய ஐந்தும் முடியும்வரை அது மேசை மேலேயே இருக்கட்டும்.

1. இலக்கை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“கையின் இயக்கத்தை மேம்படுத்துதல்” என்று எழுதினால் அது இலக்கு ஆகாது. “வலது கையால் சோறு பிசைந்து வாய்வரை கொண்டுபோக வேண்டும்”, “பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க வேண்டும்” என்று நோயாளி சொல்லும் சொற்களிலேயே எழுதுங்கள். எந்த மூட்டு, எந்தத் திசையில், எவ்வளவு தூரம் அசைய வேண்டும் என்பது அந்த வாக்கியத்திலிருந்துதான் கிடைக்கும். சோறு பிசைய விரல்கள் ஒன்றுசேர வேண்டும், முன்கை திரும்ப வேண்டும், முழங்கை மடங்க வேண்டும். பஸ் கம்பிக்குத் தோள் உயர்ந்து முழங்கை நீள வேண்டும். அந்தரத்தில் மிதக்கும் பலூனை எட்டித் தொடும் விளையாட்டு இரண்டாமவருக்குப் பொருந்தும். முதலாமவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

இலக்கோடு சேர்த்து இன்னொன்றையும் முடிவு செய்யுங்கள்: இந்தப் பயிற்சி வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாக வருகிறதா, அதன் இடத்தைப் பிடிக்கிறதா? கூடுதலாக வர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பல மருத்துவச் சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்து ஆராயும் காக்ரேன் அமைப்பின், 2017இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு 72 சோதனைகளை ஆராய்ந்தது. வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாகக் கொடுத்தபோது கையின் செயல்பாட்டில் மெய்நிகர் பயிற்சி மேலானதாகத் தெரியவில்லை. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்து மொத்தப் பயிற்சி நேரத்தைக் கூட்டியபோது பயன் தெரிந்தது. 2016இல் வெளியான எவரெஸ்ட் சோதனையில் 141 நோயாளிகளில் ஒரு பிரிவினர் கையசைவால் ஆடும் நின்டெண்டோ வீ என்ற வீடியோ கேமை விளையாட, மற்றொரு பிரிவினர் சீட்டாட்டம் போன்ற பொழுதுபோக்குகளில் கையைப் பயன்படுத்தினர். முடிவில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எத்தனை முறை கை அசைந்தது, எப்படி அசைந்தது என்பதே பலனைத் தீர்மானிக்கிறது. ஹெட்செட்டின் வேலை அந்த எண்ணிக்கையைச் சலிப்பில்லாமல் கூட்டுவது.

2. யாருக்குக் கூடாது என்று முதலில் பாருங்கள்

இந்தப் படியை வாய்வழியாகக் கேட்டு முடிக்காதீர்கள். நோயாளியின் கோப்பைத் திறந்து பாருங்கள். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் நரம்பியல் மருத்துவரின் எழுத்து வழி ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது. பக்கவாதத்துக்குப் பிறகு வலிப்பு வருவது அரிதல்ல என்பதால், “முன்பு ஒருமுறை கை வெட்டி வெட்டி இழுத்ததா?” என்று வீட்டாரிடமும் கேளுங்கள்.

பேஸ்மேக்கர், உடலுக்குள் பொருத்திய டிஃபிப்ரிலேட்டர், காக்ளியர் கருவி, மூளையில் தேங்கும் நீரை வடிக்கும், காந்தத்தால் அழுத்தம் மாற்றப்படும் ஷன்ட் வால்வு ஆகியவை இருந்தால் சம்பந்தப்பட்ட மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். ஹெட்செட்டிலும் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரிலும் காந்தங்களும் ரேடியோ அலை வெளியிடும் பாகங்களும் உள்ளன.

மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டின் ஒரு பகுதியை அறுவைசிகிச்சையில் எடுத்தவர்களுக்கு, எலும்பு திரும்பப் பொருத்தப்படும்வரை ஹெட்செட் வேண்டாம். பட்டை அழுத்துவது அந்தப் பாதுகாப்பற்ற இடத்தில்தான். தலையில் தையல் ஆறாதவர்கள், முகத்தில் புண் உள்ளவர்கள், மெட்ராஸ் ஐ வந்தவர்கள் ஆகியோருக்குத் தள்ளிப்போடுங்கள்.

பிறகு பார்வையையும் கவனத்தையும் சோதியுங்கள். இரட்டைப் பார்வை இருந்தால் முப்பரிமாணக் காட்சி தலைச்சுற்றலைக் கூட்டும். இடப்பக்கத்தைக் கவனிக்காமல் விடும் புறக்கணிப்பு இருக்கிறதா என்று ஒரு தாளில் நீளமான கோடு போட்டு நடுவில் குறிக்கச் சொல்லிப் பாருங்கள்; குறி வலப்பக்கமாகத் தள்ளி விழுந்தால் பயிற்சியைத் தடுக்க வேண்டியதில்லை, ஆனால் விளையாட்டின் இலக்குகளை நடுவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இதைப் பார்க்காமல் தொடங்கியவர்கள், “இவருக்கு ஆர்வமில்லை” என்று நோயாளியின் மேல் பழி போடுவதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அந்தப் பக்கமே இருப்பதாகத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

தோளைத் தனியாகப் பாருங்கள். தோள்பட்டை எலும்பின் நுனிக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தால், மூட்டு எத்தனை விரல் அகலம் இறங்கியிருக்கிறது என்பது தெரியும். நழுவலோ வலியோ இருந்தால் தோள் உயரத்துக்கு மேல் எட்டும் விளையாட்டு கூடவே கூடாது. ஆர்வத்தில் கையை வீசிவிட்டு இரவெல்லாம் தோள்வலியில் தவிப்பவர் மறுநாள் வரமாட்டார்.

3. தொடக்க அளவுகளை எடுங்கள்

பக்கவாதத்துக்குப் பின் அசைவை மதிப்பிடும் ஃபியூகல்-மையர் அளவுகோலின் கைப் பகுதி (மொத்தம் 66 மதிப்பெண்), 60 விநாடிகளில் எத்தனை மரக்கட்டைகளைத் தடுப்புக்கு மறுபுறம் மாற்றுகிறார் என்று எண்ணும் பெட்டி-கட்டைச் சோதனை, ஆஷ்வொர்த் முறையில் தசை இறுக்கம், 0 முதல் 10 வரையிலான வலி அளவு ஆகியவை போதும். இவற்றோடு இலக்குச் செயலையே ஒருமுறை செய்யச் சொல்லி, ஒப்புதல் பெற்று, பக்கவாட்டிலிருந்து செல்போனில் படம்பிடித்து வையுங்கள்.

விளையாட்டு காட்டும் மதிப்பெண்ணை அளவீடாகக் கொள்ளாதீர்கள். விளையாட்டைக் கற்றுக்கொண்டதாலேயே அது ஏறும். கை முன்னேறாமலும் ஏறும்.

4. கருவியையும் நிரலையும் கைக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள்

மேசை மேல் வைத்த கையைச் சில சென்டிமீட்டராவது தானாக முன்னே நகர்த்த முடிகிறவருக்குத்தான் ஹெட்செட் பயிற்சி ஓரளவு நேரடியாகப் பொருந்தும். அந்த அசைவும் இல்லாதவருக்குக் கையைத் தாங்கும் கருவி வேண்டும், அல்லது நல்ல கையின் அசைவைப் பாதிக்கப்பட்ட கையின் அசைவாகக் காட்டும் கண்ணாடி முறை நிரல் வேண்டும். விரல், மணிக்கட்டுப் பயிற்சிதான் முதன்மை என்றால் ஹெட்செட்டை விடக் கருவியோடு இணைந்த திரை விளையாட்டுகளே நல்லது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ அத்தகைய கைப் பயிற்சி ரோபோ.

ஹெட்செட்தான் என்று முடிவானால் அடுத்த கேள்வி, கையை அது எப்படி அறியப்போகிறது என்பது. கேமரா வழியாக வெறுங்கையை அறியும் வசதி முதலில் கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் இறுக்கத்தால் மூடிக்கிடக்கும் கையை அது பல நேரம் கையாகவே ஏற்பதில்லை; காட்சியில் கை தோன்றி மறையும், நோயாளி சோர்ந்துபோவார். அப்படிப்பட்டவருக்குக் கன்ட்ரோலரை உள்ளங்கையில் வைத்து வெல்க்ரோ பட்டையாலோ கிரேப் பேண்டேஜாலோ கட்டுங்கள். கட்டும்போது கன்ட்ரோலரின் வளையத்தையோ முன்பகுதியையோ மூடிவிடாதீர்கள், அதை வைத்துத்தான் ஹெட்செட் அதன் இடத்தை அறிகிறது. விரல் நுனிகளின் நிறம் மாறுகிறதா என்று இடையிடையே பாருங்கள். தொட்டால் உணராத கையில் கட்டு இறுகியதை நோயாளியால் சொல்ல முடியாது.

நிரலில் நான் தேடுபவை இவை. உட்கார்ந்தபடி ஒரு கையால் விளையாட முடிய வேண்டும். பொத்தான் அழுத்தாமலே தொட்டதும் பதில் கிடைக்க வேண்டும். இலக்கின் உயரம், தூரம், வேகம் ஆகிய மூன்றையும் தனித்தனியாக மாற்ற முடிய வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, நோயாளி அசையாதபோது காட்சி அசையக் கூடாது. கண், ‘நகர்கிறோம்’ என்கிறது. உள்காது, ‘உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. அந்த முரண்பாடுதான் குமட்டலுக்கு முதற்காரணம். பறப்பது, வண்டி ஓட்டுவது, பள்ளத்தாக்கின் மேல் நடப்பது போன்ற காட்சிகளைத் தொடக்கத்தில் முழுவதும் தவிர்த்துவிடுங்கள்.

பொதுமக்களுக்கான விளையாட்டுகளில் இந்த வசதிகள் முழுமையாக அமைவது அரிது. பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் பேசும், நல்ல கை உள்ளவரின் வேகத்தையே எதிர்பார்க்கும். மறுவாழ்வுக்கென்றே எழுதப்பட்ட நிரல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

5. அறையையும் நாற்காலியையும் தயார் செய்யுங்கள்

சக்கரமில்லாத, வழுக்காத, உறுதியான நாற்காலி வேண்டும். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். எட்டாவிட்டால் பலகை வையுங்கள். இலேசான பிளாஸ்டிக் நாற்காலி, கையை நீட்டும் வேகத்திலேயே பின்னால் நகரும். சக்கர நாற்காலியிலிருந்தே செய்வதானால் பிரேக்கைப் பூட்டுங்கள்.

கை நீளத்துக்கு அப்பாலும் அரை மீட்டர் தூரம்வரை சுற்றிலும் மேசை விளிம்பு, சலைன் ஸ்டாண்டு, சுவர் எதுவும் இருக்கக் கூடாது. வெளிச்சம் ஒரே சீராக இருக்கட்டும். மங்கலான அறையிலும் வெறும் வெள்ளைச் சுவருக்கு எதிரிலும் கேமராக்கள் இடத்தைத் தவறவிடும். வெயில் நேராக லென்ஸில் படும்படி ஹெட்செட்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள். லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைக் கருக்கிவிடும்.

நோயாளி காண்பதை நீங்களும் காண, காட்சியை டிவிக்கோ டேப்லெட்டுக்கோ அனுப்பும் இணைப்பை அவர் வருவதற்கு முன்பே சோதித்து வையுங்கள். மின்தடை வந்து வைஃபை அறுந்தால் உங்கள் திரைதான் இருளும், அவருடைய காட்சி ஓடிக்கொண்டே இருக்கும். அந்நேரம் ஹெட்செட்டைக் கழற்றச் சொல்வது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

6. மாட்டும் வரிசை

ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த எல்லைக்குள் இல்லாவிட்டால் அன்று பயிற்சி இல்லை.

அடுத்து, விளையாட்டை நீங்கள் மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் ஆடிக் காட்டுங்கள். நோயாளி டிவியில் பார்க்கட்டும். அப்போதே “நீட்டுங்கள், விடுங்கள், நிறுத்துங்கள்” என்ற மூன்று சொற்களையும் வெறுங்கையால் பழக்கிவிடுங்கள். பேச்சு பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லோடு தோளில் ஒரு தட்டு என்று தொடு குறிப்பையும் சேருங்கள். கண்ணை மூடிய பிறகு கற்றுக்கொடுக்க முயன்றால் குழப்பமும் பயமும்தான் மிஞ்சும்.

கொண்டை, பூ, ஹேர்பின் ஆகியவற்றைத் தளர்த்தச் சொல்லுங்கள்; பட்டை பின்தலையில், கழுத்துக் குழிக்குச் சற்று மேலே உட்கார்ந்தால்தான் எடை பரவும். மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டின் எடை சுமார் 515 கிராம், அதில் பெரும்பங்கு முகத்தின் முன்னால் தொங்குகிறது. பட்டை மேலேறினால் நோயாளி கழுத்தைக் குனிந்தே ஆடுவார். நெற்றியில் குங்குமம், விபூதி, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் முகத்துணியை இடையில் வையுங்கள்; அழிக்கச் சொல்லித் தர்மசங்கடப்படுத்த வேண்டியதில்லை. புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் கையை மறைக்காதபடி செருகச் சொல்லுங்கள்.

நிரலை நீங்களே திறந்து, தொடங்கும் திரையில் நிறுத்திய பிறகு, முதலில் ஹெட்செட்டைக் கையால் அவர் கண்ணருகே பிடித்துக் காட்டுங்கள். “ஐயா, எழுத்து தெளிவாகத் தெரிகிறதா?” என்று கேட்டு, விழிகளுக்கு இடையிலான தூரத்துக்கு ஏற்ப லென்ஸை நகர்த்துங்கள். குவெஸ்ட் 2இல் இதற்கு 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலைகளே உண்டு. மங்கலான காட்சியைச் சகித்துக்கொண்டு, “பரவாயில்லை” என்று சொல்கிறவர்கள் மிகுதி. அவர்களுக்கே பிறகு தலைவலி வருகிறது. தெளிவு கிடைத்த பின்பே பட்டையைப் பூட்டுங்கள். கடைசியாகக் காட்சியின் நடுவை அவருக்கு நேராக அமைக்கும் பொத்தானை அழுத்துங்கள். இதை மறந்தால் எல்லா இலக்குகளும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வரும், அவர் திருகி உட்கார்ந்தே ஆடுவார்.

7. முதல் அமர்வில் திரையைப் பார்க்காதீர்கள், நோயாளியைப் பாருங்கள்

மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில். டிவியில் பலூன்கள் வெடிக்கின்றன, மதிப்பெண் ஏறுகிறது, உடன் வந்த மகள் கைதட்டுகிறாள், மாணவரும் திரையைப் பார்த்துச் சிரிக்கிறார். நாற்காலியிலோ நோயாளியின் முழங்கை மடங்கிய கோணத்திலேயே நிற்கிறது. இடுப்பிலிருந்து உடம்பு முழுவதும் முன்னே சாய்கிறது, தோள் காதை நோக்கி ஏறுகிறது, நல்ல கை நாற்காலிக் கையை இறுகப் பற்றியிருக்கிறது. பலூனைத் தொட்டது முதுகுதான். விளையாட்டுக்கு அந்த வேறுபாடு தெரியாது, தொட்டதை மட்டும் எண்ணும். இப்படி நூறு முறை செய்தால் சாய்வதற்குத்தான் நூறு முறை பயிற்சி கொடுத்திருக்கிறோம்.

ஆகவே நோயாளியின் பாதிக்கப்பட்ட பக்கத்தில், சற்றுப் பின்னால் நில்லுங்கள். அவர் சாய்ந்தால் பிடிக்கவும் முடியும், தோளும் முதுகும் தெரியும். “முதுகு நாற்காலியை விட்டு வரக் கூடாது ஐயா, கை மட்டும் போகட்டும்” என்று சொல்லுங்கள். சொல்லியும் நிற்காவிட்டால் அகலமான துணிப் பட்டையால் மார்பை நாற்காலியோடு தளர்வாக இணைத்து, இலக்கின் தூரத்தைக் குறையுங்கள்.

முதல் அமர்வில் ஹெட்செட் தலையில் இருப்பது 5 நிமிடம் போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தலைச்சுற்றல், குமட்டல், கண் அயர்ச்சி, தலைவலி எவ்வளவு என்று 0 முதல் 10க்குள் சொல்லச் சொல்லுங்கள். முகம் வெளுப்பது, வியர்ப்பது, திடீரென்று பேச்சை நிறுத்துவது ஆகியவை வாய்ச்சொல்லுக்கு முன்பே வரும் அடையாளங்கள். குமட்டல் தொடங்கியதும் கழற்றுங்கள். “இன்னும் ஒரு சுற்று” என்று இழுத்தால் பழகிவிடாது, மணிக்கணக்கில் நீடிக்கும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்ல வேண்டும். முகம் கோணுவது, பேச்சு குழறுவது, புதிதாகக் கை அல்லது கால் தளர்வது, திடீரென்று கடும் தலைவலி வருவது ஆகியவற்றை ஹெட்செட்டால் வந்த மயக்கம் என்று நினைத்து ஓய்வு கொடுத்துக் காத்திருக்காதீர்கள். இந்த நோயாளிகளுக்கு இரண்டாவது பக்கவாதம் வரக்கூடும். உடனே மருத்துவரை அழையுங்கள். மருத்துவமனைக்கு வெளியே என்றால் 108.

கழற்றிய பிறகு இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்திருக்கட்டும். ரத்த அழுத்தத்தை மீண்டும் பார்த்த பிறகே எழுப்புங்கள்.

8. அளவைக் கூட்டுங்கள், ஒன்றன்பின் ஒன்றாக

வழக்கமான சிகிச்சை அமர்வுகளை உற்றுநோக்கிய 2009ஆம் ஆண்டு ஆய்வொன்றில், ஓர் அமர்வில் பாதிக்கப்பட்ட கை செய்த பயன்பாட்டு அசைவுகள் சராசரியாக 32தான். விலங்கு ஆய்வுகளில் மூளையில் மாற்றத்தை உண்டாக்கிய எண்ணிக்கையோ நூற்றுக்கணக்கில் இருக்கிறது. ஹெட்செட் உதவக்கூடிய இடம் இந்த இடைவெளி. எனவே நிமிடத்தை மட்டும் எழுதாமல், முதுகு சாயாமல் செய்த அசைவுகளை மட்டும் எண்ணி எழுதுங்கள்.

குமட்டல் இல்லாமல் 5 நிமிடம் தாண்டியவருக்கு அமர்வுதோறும் சில நிமிடங்கள் கூட்டி, நடுவே ஓய்வோடு 20 முதல் 30 நிமிடம்வரை கொண்டுபோகலாம். தூரம், உயரம், வேகம் ஆகியவற்றில் ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றிய நாளில் தோள் வலித்தால் எதைக் குறைப்பது என்று தெரியாது. பத்து முயற்சியில் ஏழெட்டு கைகூடும் நிலை நல்லது. பத்தும் கைகூடினால் சலிப்பு வரும், பாதிக்குக் கீழே போனால் மனம் விட்டுப்போகும்.

நின்று செய்யும் சமநிலைப் பயிற்சிக்கு அவசரப்படாதீர்கள். கண்ணை முழுதாக மறைத்த நிலையில், நிற்பதற்குப் பார்வை தரும் துணை போய்விடுகிறது. உடல் சமநிலையை மதிப்பிடும் பெர்க் அளவுகோலில் (மொத்தம் 56 மதிப்பெண்) நல்ல நிலையில் இருப்பவருக்குக்கூட இணைக்கம்பிகளுக்கு இடையில், இடுப்புப் பட்டையை ஒருவர் பிடித்திருக்க, அறையே தெரியும் வெளிக்காட்சி முறையில் தொடங்குவதுதான் பாதுகாப்பு.

9. அதே அசைவை உடனே உண்மைப் பொருளில் செய்ய வையுங்கள்

மெய்நிகர் டம்ளருக்கு எடையில்லை, வழுக்காது, சிந்தாது. தூரமும் கண்ணுக்குச் சற்று மாறித் தெரியும். ஆகவே ஹெட்செட்டில் கற்ற அசைவு தானாகவே சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துவிடாது. கழற்றி, ஓய்வு முடிந்த பத்து நிமிடத்துக்குள் அதே தூரத்தில், அதே உயரத்தில் உண்மைப் பொருளை வையுங்கள். முதலில் காலி எவர்சில்வர் டம்ளர், பிறகு கால் பங்கு தண்ணீர், பிறகு பாதி. சோறு பிசைவது இலக்கு என்றால் தட்டில் ஊறவைத்த அவலில் தொடங்கலாம். விரல் சேர்வது தெளிவாகத் தெரியும்.

நேரம் போதாத நாளில் ஹெட்செட் நேரத்தை வெட்டுங்கள். இந்தப் படியை வெட்டாதீர்கள்.

வீட்டுக்கும் ஒரு செயலை மட்டும் கொடுத்தனுப்புங்கள்: “அம்மா, இன்றிலிருந்து கதவுத் தாழ்ப்பாளை இந்தக் கையாலேயே திறக்க வேண்டும்.” வீட்டார் முன்னிலையில் சொன்னால்தான் அவர்கள் அவசரத்தில் தாமே திறந்துவிடாமல் காத்திருப்பார்கள்.

10. ஒவ்வொருவருக்கும் பிறகு சுத்தம் செய்யுங்கள்

முகத்தில் படும் பகுதி சிலிக்கோன் உறையாக இருந்தால் துடைப்பது எளிது. பஞ்சு உறை வியர்வையை உறிஞ்சிவைக்கும். ஆல்கஹால் கலக்காத கிருமிநாசினித் துடைப்பானால் உறை, பட்டை, கன்ட்ரோலர் ஆகியவற்றைத் துடைத்து உலரவிடுங்கள். லென்ஸுக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். திரவம் பட்டால் மேற்பூச்சு கெடும். கட்டிய கிரேப் பேண்டேஜ் ஒருவருடையதை இன்னொருவருக்குப் போடாதீர்கள்.

11. மீண்டும் அளந்து, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுங்கள்

நான்கு வாரத்துக்கு ஒருமுறை மூன்றாம் படியின் அளவுகளை அதே நேரத்தில், அதே நாற்காலியில் மீண்டும் எடுங்கள். காலையில் இளகியிருக்கும் கை மாலையில் இறுகியிருக்கலாம்; நேரம் மாறினால் ஒப்பீடு பொய்க்கும். பழைய காணொளியையும் புதியதையும் நோயாளியோடு அமர்ந்து பாருங்கள்.

விளையாட்டு மதிப்பெண் ஏறி, பெட்டி-கட்டை எண்ணிக்கை அப்படியே நின்றால் பயிற்சி விளையாட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது என்று பொருள். ஒன்பதாம் படிக்கான நேரத்தை இரட்டிப்பாக்கி இன்னொரு நான்கு வாரம் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் ஹெட்செட்டை எடுத்துவிட்டு அந்த நேரத்தை வேறு பயிற்சிக்குக் கொடுங்கள். தோள்வலி இரண்டு புள்ளிக்கு மேல் கூடினாலும், இறுக்கம் ஒரு படி ஏறினாலும் நான்கு வாரம் காத்திராமல் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். இலக்கு வாக்கியத்தில் எழுதியதை நோயாளி வீட்டில் தானாகவே செய்யத் தொடங்கிவிட்டால் அப்போதும் நிறுத்தலாம்; அடுத்த இலக்குக்கு ஹெட்செட் தேவையா என்பதை மறுபடியும் முதல் படியிலிருந்து கேளுங்கள்.